ஆண் கருத்தடைத் துண்டறிக்கைக்கு வார்த்தை தேவை

ஊர்ப்புற ஆண்களுக்காக நவீன தழும்பில்லாக் கருத்தடை சிகிச்சை பற்றி ஒரு பக்கத் துண்டறிக்கை தயாராகிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் திருமணமான தம்பதிகளிடையே பெண் கருத்தடை அறுவை சிகிச்சை 37.9%, ஆண் கருத்தடை அறுவை சிகிச்சை 0.3%. "ஆண்மை போயிடும்" என்ற பயம்தான் பெரிய தடை. 1976-77 நெருக்கடிநிலைக் கட்டாயக் கருத்தடை முகாம்களின் கசப்பும் சேர்ந்திருக்கிறது, அது நியாயமான கசப்புதான்.

விளக்கவேண்டியது இது: வெட்டுவது விந்தணு வரும் குழாயை மட்டும். ஆண் ஹார்மோன் விதைப்பைக்குள் இருக்கும் விதைகளிலிருந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது. அதனால் ஆசை, விறைப்பு, மீசை, உடல்வலு எதுவும் குறையாது. விந்தும் வரும், அதில் அணு இருக்காது. மரத்துப்போக ஊசி, சுமார் 15 நிமிடம், தையல் கிடையாது. இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பாரம் தூக்கக்கூடாது.

சிக்கல் பெரும்பாலும் பிறகுதான். குழாயில் மிச்சமிருக்கும் அணுக்கள் வெளியேற நாளாகும். மூன்று மாதம் ஆணுறை, பிறகு விந்துப் பரிசோதனை. இதைத் தவிர்த்தால் கரு உண்டாகலாம், பழி மனைவிமேல் விழும்.

கிராம சுகாதார செவிலியர்கள், களப்பணியாளர்கள் சொல்லுங்கள்: 'விந்து', 'விதைப்பை' என்பதற்கு உங்கள் பக்கம் கூச்சமில்லாமல் புழங்கும் சொல் எது? பரிசோதனைக்குத் திரும்பி வரவைக்க எது பலித்தது? டீக்கடையில் பேசுவதா, கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்தா?