பிரெக்ஸிட்: அந்த 52-க்கு 48 உண்மையிலேயே மக்கள் கருத்துதானா?

வைகைக்கரை கேட்டது:

மதுரையில் எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிறேன். பொது வாக்கெடுப்பு பற்றி வகுப்பில் பேச வேண்டும், பிரெக்ஸிட்டை எடுத்துக்கொண்டேன். 2016 ஜூன் 23 அன்று பிரிட்டனில் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா வெளியேறுவதா என்று கேட்டதற்கு 51.9 சதவீதம் பேர் வெளியேறச் சொன்னார்கள், 48.1 சதவீதம் பேர் இருக்கச் சொன்னார்கள். இதுவரை புரிகிறது. ஆனால் யூகவ் என்ற நிறுவனத்தின் கருத்துக்கணிப்புகளைப் பார்த்தால் சில ஆண்டுகளாகவே 'வெளியேறியது தவறு' என்பவர்கள்தான் பாதிக்கு மேல் இருக்கிறார்கள். அன்று போட்டவர்களே மனம் மாறிவிட்டார்களா, இல்லை அன்றைக்கு எண்ணிய ஓட்டே மக்கள் மனதைச் சரியாகக் காட்டவில்லையா? படித்த கட்டுரை எல்லாம் பவுண்டு மதிப்பு, ஏற்றுமதி என்றே போகிறது. அங்கே இருப்பவர்கள், முக்கியமாக ஓட்டுப் போட்டவர்கள், எதை நினைத்துப் போட்டீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

ஈஸ்ட்ஹாம் தஞ்சாவூரான்:

நான் வெளியேறத்தான் போட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அதே காரணத்தைத்தான் சொல்வேன்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், அன்று என்னிடம் இருந்தது இந்தியப் பாஸ்போர்ட். இந்தியா, இலங்கை போன்ற காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் சட்டப்படி பிரிட்டனில் குடியிருந்தால் அந்த வாக்கெடுப்பில் போடலாம், அதனால் எனக்கு ஓட்டு இருந்தது. நான் கிடங்கில் வேலை பார்த்த காலம் அது. ஊரிலிருந்து மனைவியைக் கூட்டிவர ஆண்டுக்கு 18,600 பவுண்டு சம்பளம் காட்டச் சொல்லி 2012-லேயே விதி கொண்டுவந்துவிட்டார்கள். சம்பளச் சீட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் வங்கி முத்திரை குத்திய கணக்கு விவரம், வீட்டு வாடகை ஒப்பந்தம், நாங்கள் இருவரும் போனில் பேசியதற்கு ஆதாரம் என்று கட்டு கட்டாகக் காகிதம் சேர்த்தோம். என்னோடு அதே ஷிஃப்டில் நின்ற போலந்துக்காரர், ஐரோப்பிய ஒன்றியத்தவர் என்பதால் இந்த விதி எதுவும் இல்லாமல், மனைவியையும் மகனையும் ஒரு சனிக்கிழமை பேருந்தில் கூட்டிவந்து இறக்கினார், திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர், அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரே வேலை, ஒரே வரி, அவருக்கு ஒரு சட்டம் எனக்கு ஒரு சட்டம் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதற்காகப் போட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வாரம் 350 மில்லியன் பவுண்டு போகிறது, அதை மருத்துவத்துக்குத் தரலாம் என்று பிரச்சாரப் பேருந்தில் எழுதி ஒட்டிய கதையை நம்பிப் போட்டதாக எங்களைப் பற்றி எழுதுகிறார்களே, எனக்கு அது பொருட்டே இல்லை.

அப்புறம், ஐரோப்பியர் வரவு குறைந்தால் நம் பக்கத்துச் சமையல்காரர்களுக்கு விசா எளிதாகும் என்று அன்று அமைச்சராக இருந்த பிரீத்தி படேல் போன்றவர்கள் பிரச்சாரத்தில் சொன்னார்கள், வங்கதேச உணவக முதலாளிகள் பலர் அதை நம்பினார்கள். பிறகு என்ன நடந்தது? மனைவியைக் கூட்டிவரும் சம்பள வரம்பை 2024-ல் 29,000 பவுண்டு ஆக்கினார்கள். அது ஆட்சியில் இருந்தவர்கள் செய்தது. என் ஓட்டின் மீது அந்தப் பழியைப் போடாதீர்கள்.

வல்வை மகள், ஹரோ:

தஞ்சாவூர் அண்ணா சொல்வது விளங்குது, அந்த 18,600 எங்கட ஆட்களையும் வாட்டினதுதான். ஆனால் மற்றப் பக்கத்தையும் சொல்ல வேணும்.

என்ர கணவர் சின்ன வயதில் நெதர்லாந்துக்குப் போய், அங்கே குடியுரிமை எடுத்து, பிறகு லண்டனுக்கு வந்தவர். இப்படி ஜெர்மனி, டென்மார்க், பிரான்ஸ் என்று போய் கடவுச்சீட்டு எடுத்தபின் பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காகவும் சொந்தபந்தத்துக்காகவும் இங்கே வந்த ஈழத்தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் நின்றால் தாய்மார் டச்சிலும் டொச்சிலும் (ஜெர்மன்) பிள்ளைகளைக் கூப்பிடுவது கேட்கும். வாக்கெடுப்பு வந்தபோது இவருக்கு ஓட்டு இல்லை. ஐரோப்பியர்களில் அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ்காரருக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். படிக்க வந்து எங்களோடு தங்கியிருந்த மச்சாள் வைத்திருந்தது இலங்கைக் கடவுச்சீட்டு, அவவுக்கு ஓட்டு இருந்தது. வருசக்கணக்காக வரி கட்டி வீடு வாங்கினவரின் எதிர்காலத்தைப் பற்றி அவரைத் தவிர வீட்டில் பெரியவர்கள் எல்லாரும் வாக்களித்தோம். நான் இருக்கச் சொல்லித்தான் போட்டேன். பிறகு தொடர்ந்து இங்கே இருக்க அனுமதி கேட்டு அவர் கைபேசியில் கடவுச்சீட்டை ஸ்கேன் பண்ணி, முகத்தைப் படம் எடுத்து அனுப்பி, 'இங்கே இருக்கலாம்' என்று பதில் வரும்வரை காத்திருந்தார். கடைசித் தேதி 2021 ஜூன் 30. வயதான சிலருக்கு நாங்கள்தான் போய்ச் செய்து கொடுத்தோம். அதில் ஒரு அம்மா ஒவ்வொரு கேள்விக்கும் பயந்து பயந்து பதில் சொன்னா.

லண்டனில் எங்கட பகுதியான ஹரோவில் 54.6 சதவீதம் 'இருப்போம்', எல்லை தாண்டினால் பக்கத்துப் பகுதி ஹில்லிங்டனில் 56.4 சதவீதம் 'வெளியேறுவோம்'. இரண்டு இடத்திலும் எங்கட சனம் இருக்குது. அதனால் 'தமிழர் இப்படிப் போட்டார்கள்' என்று வகுப்பில் ஒரே வரியில் சொல்லிவிடாதேங்கோ தம்பி.

எண்ணும் எழுத்தும்:

கேள்வி மனம் மாறியதா என்பது, அதற்கு வருகிறேன்.

2016-ல் கணிப்புகளே தடுமாறின. தொலைபேசியில் கேட்டால் 'இருப்போம்' முன்னிலை, இணையத்தில் கேட்டால் சரிக்குச் சரி. ஓட்டுப்பதிவு முடிந்த இரவு, வெளியேறச் சொன்ன தலைவர்களில் முக்கியமான நைஜல் ஃபாராஜே தங்கள் தரப்பு தோற்கும் போலிருக்கிறது என்றுதான் பேசினார். நள்ளிரவுக்குப் பிறகு சண்டர்லேண்ட் முடிவு வந்தது, 61.3 சதவீதம் வெளியேற. ஐரோப்பாவுக்குக் கார் ஏற்றுமதி செய்யும் நிசான் ஆலை இருக்கிற ஊர் அது! அந்த நிமிடத்திலிருந்து பவுண்டு சரிய ஆரம்பித்தது.

ஏன் போட்டீர்கள் என்று வாக்களித்தவர்களிடம், கருத்துக்கணிப்புகள் நடத்தும் ஆஷ்கிராஃப்ட் பிரபு அன்றே பெரிய அளவில் கேட்டார். வெளியேறப் போட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் சொன்ன முதல் காரணம், இந்த நாட்டு முடிவுகளை இந்த நாடே எடுக்க வேண்டும் என்பது. குடியேற்றம் மூன்றில் ஒரு பங்குதான். எனவே பொருளாதாரக் கணக்கை மட்டும் வைத்து அவர்கள் மனம் மாறுவார்கள் என்று எதிர்பார்த்தது ஆரம்பத்திலேயே தவறான எதிர்பார்ப்பு.

இப்போது அந்தப் 'பாதிக்கு மேல்'. வெளியேறப் போட்டவர்களில் ஒரு பகுதி மாறியது உண்மை, ஆனால் பெரும்பான்மையினர் இன்னும் அதே இடத்தில் நிற்கிறார்கள். மீதி மாற்றம் வேறு இரண்டு வழியில் வந்தது. அன்று ஓட்டுப் போடாமல் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய 1.29 கோடிப் பேர், இரு தரப்புக்கும் இடையிலான வித்தியாசமோ 12.7 லட்சம்தான், அதாவது பத்தில் ஒரு பங்கு. அந்தப் போடாதவர்களிடம் இன்று கேட்டால் தவறு என்பவர்களே அதிகம். இன்னொன்று வயது. 18 முதல் 24 வயதுக்காரர்களில் நான்கில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் இருக்கப் போட்டார்கள், 65-ஐத் தாண்டியவர்களில் 60 சதவீதம் வெளியேறப் போட்டார்கள். அன்று பள்ளியில் படித்தவர்கள் இப்போது வாக்காளர்கள், அன்று போட்ட முதியவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. ஒருவர்கூட மனம் மாறாமலே மொத்தக் கருத்து ஓரளவு நகர முடியும், இதை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆனால் 'இளைஞர் என்றால் எப்போதும் ஐரோப்பா பக்கம்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1975-ல் இதே மாதிரி ஒரு வாக்கெடுப்பு நடந்து 67.2 சதவீதம் பேர் இருக்கப் போட்டார்கள். அன்று போட்ட இளைஞர்கள்தான் 2016-ல் முதியவர்கள்.

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. ஒரு வீட்டில் ஒருவருக்கு ஓட்டு, ஒருவருக்கு இல்லை என்பது எந்தக் கட்டுரையிலும் இல்லை. ஒரு சந்தேகம்: இவ்வளவு பெரிய முடிவுக்கு மூன்றில் இரண்டு பங்கு மாதிரி வரம்பு ஏதும் வைக்கவில்லையா? இரண்டாவது முறை ஏன் கேட்கவில்லை?

கிளாஸ்கோ மழை:

வரம்பு வைக்கவில்லை, ஆனால் பிரிட்டனுக்கு அது தெரியாத விஷயம் அல்ல. 1979-ல் ஸ்காட்லாந்துக்குத் தனி மன்றம் வேண்டுமா என்று கேட்டபோது, மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் பேராவது ஆதரிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். 51.6 சதவீதம் பேர் ஆம் என்றார்கள், ஆனால் அது மொத்த வாக்காளரில் 33 சதவீதத்தைக்கூட எட்டவில்லை என்று சொல்லிக் கிடப்பில் போட்டார்கள். அதே 40-ஐ 2016-ல் வைத்திருந்தால் வெளியேறும் தரப்பு தேறியிருக்காது. ஸ்காட்லாந்தில் இருக்கிற எங்களுக்கு இது சாதாரண வருத்தம் இல்லை, இங்கே 62 சதவீதம் பேர் இருக்கச் சொல்லியும் வெளியே வந்தோம்.

யாருக்கு ஓட்டு என்பதிலும் அப்படித்தான். 2014-ல் ஸ்காட்லாந்து தனிநாடாவதா என்று கேட்டபோது 16 வயதுப் பிள்ளைகளும் இங்கே குடியிருக்கும் ஐரோப்பியர்களும் போட்டார்கள். எங்கள் மாடிப்படி வீடுகளில் ஸ்பெயின்காரர், லித்துவேனியாக்காரர் எல்லாரும் காலையிலேயே வரிசையில் நின்றார்கள். இரண்டே ஆண்டில், ஐரோப்பாவைப் பற்றிய கேள்வியிலேயே, அவர்களை ஒதுக்கிவிட்டார்கள்.

இரண்டாவது முறை ஏன் கேட்கவில்லை என்றால், சட்டப்படி அந்த வாக்கெடுப்பு ஆலோசனை மட்டும்தான், நாடாளுமன்றம் நினைத்திருந்தால் மறுபடி கேட்டிருக்கலாம். 2019-ல் வெளியேறும் முடிவையே ரத்து செய்யச் சொல்லி 60 லட்சம் பேர் மனுவில் கையெழுத்திட்டார்கள். ஆனால் அந்த டிசம்பர் தேர்தலில், வெளியேற்றத்தை முடிப்பேன் என்ற போரிஸ் ஜான்சன் பெரும்பான்மையோடு வந்துவிட்டார், 2020 ஜனவரி 31-ல் பிரிட்டன் வெளியேறிக் கதை முடிந்தது. இப்போது ஆளும் லேபர் கட்சியும் 2024 தேர்தல் அறிக்கையில் ஒற்றைச் சந்தைக்கு, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சந்தைக்குத் திரும்ப மாட்டோம் என்றுதான் எழுதிக் கொடுத்தது, ஏனென்றால் வடக்கு இங்கிலாந்தில் அவர்கள் திரும்பப் பிடித்த தொகுதிகளில் பல, 2016-ல் வெளியேறப் போட்ட ஊர்கள்.