பரணில் கிடைத்த பிரைமஸ் ஸ்டவ்: எந்த வருஷத்தது என்று எப்படிப் பார்ப்பது?

காரைக்குடிப் பெண்:
ஆயா வீட்டைக் காலி பண்ணும்போது பரணில் ஒரு பித்தளை பம்ப் ஸ்டவ் கிடைத்தது. மூன்று கால், இரைச்சல் போடுகிற பர்னர். தொட்டியில் 'பிரைமஸ் நம்பர் 1, ஸ்டாக்ஹோம்' என்று இருக்கிறது. பக்கவாட்டில் புள்ளி புள்ளியாக 'வள்ளி' என்று பேர் வெட்டியிருக்கிறார்கள். முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு கடையில் காட்டினேன். தராசில் வைத்து, பித்தளை எடைக்கு விலை சொன்னார், மனசு கேட்கவில்லை. 1892ல் செய்தது என்று அண்ணன் அடித்துச் சொல்கிறான். ஆயா கல்யாணம் 1938ல். வாங்குகிறவரிடம் தப்பான வயசு சொல்லி விற்க எனக்கு இஷ்டமில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய ஸ்டவ் பிரியன்:
1892 கம்பெனி ஆரம்பித்த வருஷம் அம்மா, உங்கள் ஸ்டவ்வின் வருஷம் இல்லை. நம்பர் 1 என்பதும் மாடல்தான். தொட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள், ஒரு ஆங்கில எழுத்து குத்தியிருக்கும். 1911க்கு ஏ, 1912க்கு பி என்று வருஷத்துக்கு ஒரு எழுத்தாகப் போகும். 'பாக்கோ' என்று (கம்பெனியின் பிற்காலப் பேர்) எங்காவது இருந்தால் 1954க்குப் பிந்தியது.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அந்த எழுத்து ரொம்ப மேலோட்டமாகக் குத்தினது. தேய்த்தால் அதுவும் போகும், வெட்டின பேரும் மழுங்கும். சோப்புத் தண்ணீர், பழைய டூத் பிரஷ் போதும்.

மதுரை அண்ணாச்சி:
ஒண்ணு சேர்த்துக்கிறேன் தங்கச்சி. எழுத்து தொட்டிக்கு மட்டும்தான் வயசு சொல்லும். எங்க வீட்டு ஸ்டவ்ல பர்னர் ரெண்டு தடவை மாத்தினோம், பம்ப் வாஷருக்குக் கணக்கே இல்லை. பர்னர்ல என்ன பேர்னு தனியாப் பாருங்க. ஓடுதான்னு பார்க்கிறேன்னு பத்த வைக்காதீங்க. தோல் வாஷர் காய்ஞ்சிருக்கும், எண்ணெய் கசிஞ்சா ஆபத்து.

காரைக்குடிப் பெண்:
பார்த்துவிட்டேன்! டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது: 'சி'. அப்படியானால் 1913. பர்னரில் பிரைமஸ் பேர் இல்லை, அது பிற்பாடு மாற்றியது.

அம்மாவிடம் கேட்டேன். வள்ளி என்பது ஆயாவின் அம்மா பேராம். ரங்கூனில் கொண்டுவிற்க, அதாவது வியாபாரம் பண்ணப் போன ஐயா (ஆயாவின் அப்பா) வாங்கி வந்தது. 1938ல் ஆயாவுக்குச் சீரோடு சீராக வந்திருக்கிறது. '1913 தொட்டி, பர்னர் மாற்றியது' என்று சீட்டு எழுதிக் கட்டிவிட்டேன். எடைக்குக் கொடுப்பதாக இல்லை.