மறு: ஃபெர்ம்வேர், ஓவர்கிளாக் – தமிழில் எப்படி எழுதுவது?

பயிற்றுநர் எழுதியது:
வணக்கம். கணினிப் பழுதுநீக்கக் கையேட்டின் மதர்போர்டு பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சில்லில் பதிந்திருந்து கணினியைத் தொடங்கி வைக்கும் நிரலான ஃபெர்ம்வேரை 'நிலைபொருள்' என்று எழுதியிருந்தேன். நினைவகத்தின் வேகத்தை அளவுக்கு மீறி ஏற்றியதால் திரை இருண்டுபோன கணினியின் முன், 'நிலைபொருள் அமைப்புகளை அழிக்கவும்' என்ற வரியைப் படித்த மாணவர் ஒருவர், பயாஸ் என்னும் அந்த ஃபெர்ம்வேரையே அழிக்கச் சொல்கிறேன் என்று அஞ்சிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். மின்னிணைப்பை எடுத்துவிட்டு, மதர்போர்டில் அமைப்புகளைக் காத்துவைக்கும் சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. மாற்ற வேண்டியது சொல்லையா, வரியையா? இப்படி வேகத்தை அளவுக்கு மீறி ஏற்றுவதாகிய ஓவர்கிளாக்கிற்கும் ஒரு சொல் வேண்டும்.

தமிழாசிரியர் எழுதியது:
ஐயா, முதலில் இச்சொல்லில் ஒற்று மிகுமா என்பதைத் தீர்த்துக்கொள்வோம். 'நிலைபொருள்' வினைத்தொகை என்றால் ஊறுகாயைப் போல வல்லினம் மிகாது. ஆனால் 1967இல் ஆஷர் ஓப்லர் 'ஃபெர்ம்வேர்' என்ற மூலச்சொல்லை ஆக்கியபோது, வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடைப்பட்ட நிலையில் உள்ள நுண்நிரலையே, அதாவது செயலியை உள்ளிருந்து இயக்கும் சிறு கட்டளைகளையே, குறித்தார். எனவே 'நிலை' இங்கே பெயர்ச்சொல். நிலைக்கண்ணாடியைப் போல 'நிலைப்பொருள்' என்றே வர வேண்டும். ஓவர்கிளாக்கிற்கு 'மிகுதுடிப்பு' பொருந்தும். துடியன் முழக்கிய துடி என்னும் பறையும், நெஞ்சின் துடிப்பும், செயலியின் கடிகாரத் துடிப்பும் ஒரே வேரின என்பது என் நெடுநாள் எண்ணம்.

பழுதுநீக்குநர் எழுதியது:
'மிகுதுடிப்பு' என்று கடையில் சொன்னால் இதய மருத்துவரிடம் அனுப்பிவிடுவார்கள், ஐயா. 1998இல் வந்த செலரான் 300ஏ செயலியில் பெருக்கி 4.5 என்று, அதாவது செயலியின் வேகம் பஸ் என்னும் இணைப்புத் தடத்தின் வேகத்தைப் போல 4.5 மடங்கு என்று, பூட்டியிருந்ததால், 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை 100 ஆக்கி, செயலியின் 300ஐ 450க்கு ஏற்றினோம். அன்று முதல் எங்களுக்கு அது ஓவர்கிளாக்தான். மாணவர் அஞ்சியதற்கு ஒற்று காரணமன்று. ஃபிளாஷ் சில்லில் இருக்கும் ஃபெர்ம்வேர் வேறு, அது படித்து நடக்கும் வேகம், வோல்ட்டேஜ் முதலிய அமைப்புகள் வேறு. பேட்டரியைக் கழற்றினால் போவது பின்னது மட்டுமே. 'அழி' என்ற வினைதான் இரண்டையும் குழப்பியது.

பயிற்றுநர் எழுதியது:
நன்றி. 'சேமித்த அமைப்புகளைத் தொடக்கநிலைக்குத் திருப்பவும். இதனால் நிலைபொருள் அழியாது' என்று திருத்திவிட்டேன். பெரும்பான்மையோர் விருப்பப்படி ஓவர்கிளாக் அப்படியே இருக்கிறது.

தமிழாசிரியர் எழுதியது:
அச்சுக்குப் போகட்டும். என் படியில் அந்த 'ப்'பை மையால் எழுதிக்கொள்வேன். துடியைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.