ஐஸ் ஹொக்கி வீரர் மாட்ஸ் சண்டீன் விளையாடியதை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

எக்ளிங்டன் அண்ணை

நான் ரொறன்ரோ வந்து இறங்கிய காலத்தில்தான் சண்டீனும் வந்தார். 1994 ஜூனில் கியூபெக் அணிக்கு வென்டல் கிளார்க்கைக் கொடுத்துவிட்டு எங்கள் ஊர் அணி மேப்பிள் லீஃப்ஸ் இவரை எடுத்தது. அப்போது நான் டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். செய்தி வந்த அன்று குசினியில் தலைமைச் சமையல்காரர் ஒருவரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கிளார்க் என்றால் இந்த ஊர்க்காரருக்கு உயிர். சஸ்காச்சுவானில் இருந்து வந்து, எதிராளியைச் சுவரோடு சாத்தி விளையாடுகிற ஆள். அவரைக் கொடுத்துவிட்டு அமைதியான சுவீடன்காரன் எதற்கு என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். 1989இல் அணிகள் புது வீரர்களை எடுக்கும் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர், அந்த இடத்துக்கு வந்த முதல் ஐரோப்பியர் என்பதெல்லாம் யார் காதிலும் ஏறவில்லை.

அணியின் பழைய அரங்கான மேப்பிள் லீஃப் கார்டன்ஸுக்குள் ஒரே தடவைதான் போயிருக்கிறேன், முதலாளியின் தயவில். கூரையைத் தொடுகிற மாதிரி உயரத்தில் சாம்பல் நிற இருக்கை. அங்கிருந்து பார்த்தாலும் 13ஆம் இலக்கம் எங்கே என்று தேட வேண்டியதில்லை. ஆறடி ஐந்து அங்குலம். மற்றவர்கள் நாலு தரம் கால் வைக்கிற தூரத்தை இவர் இரண்டு தள்ளில் கடப்பார். பக்கை, அதுதான் அந்த ரப்பர் வட்டை, உடம்புக்கு வெகு தூரத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் எதிராளியைத் தடுத்துக்கொண்டே கோலைச் சுற்றி வந்து, மட்டையின் பின்பக்கத்தால் மேலே தூக்கிவிடுவார். பின்பக்கத்தால் அவ்வளவு பலமாக அடிக்கிறவர்கள் குறைவு. கோல்காப்பாளருக்கு அது எந்தப் பக்கம் போகும் என்று கடைசிவரை தெரியாது.

அந்தக் கட்டடம் இப்போது லொப்லோஸ் கடை, உங்களுக்குத் தெரிந்திருக்கும். 25ஆம் வரிசையில் தரையில் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கிறது. மைதானத்தின் நடுப்புள்ளி அதுதான். எத்தனையோ பேர் அதன் மேலேயே வண்டிலைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.

மார்க்கம் 13

அண்ணை, நான் இங்கே பிறந்தவன், எனக்கு கார்டன்ஸ் ஞாபகமில்லை. எங்கள் காலம் அதற்குப் பிறகு வந்த அரங்கு, ஏயர் கனடா சென்டர்.

என்னால் மறக்க முடியாதது 2006 ஒக்டோபர் 14, கல்கரி ஆட்டம். ஆட்டம் சமநிலையில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனது. அப்போதைய விதிப்படி கூடுதல் நேரத்தில் கோல்காப்பாளரைத் தவிர அணிக்கு நாலு பேர்தான். அதிலும் எங்கள் ஆள் ஒருவர் தண்டனைப் பெட்டிக்குப் போய்விட்டார். ஆக மூன்று பேர் நாலு பேரைத் தடுக்க வேண்டும். அந்த நிலையில் எல்லோரும் செய்வது, பக்கைத் தூர அடித்து நேரத்தைக் கடத்துவதுதான். சண்டீன் முன்னுக்கு எடுத்துக்கொண்டு போய் ஓங்கி ஓர் அடி. கல்கரியின் கோலில் கிப்ருசோஃப் நிற்கிறார், அவரைத் தாண்டிப் போய்விட்டது. அன்றைய மூன்றாவது கோல், வாழ்க்கையில் 500ஆவது. அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் சுவீடன்காரர். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆள் என்னைக் கட்டிப்பிடித்ததில் சோடா முழுக்க என் மேலே.

கோபக்காரர் இல்லை என்று சொல்வார்கள், ஆனால் 2004 ஜனவரியில் உடைந்த மட்டையைத் தூக்கி எறிய அது பார்வையாளர் பக்கம் போய்விட்டது. ஓர் ஆட்டம் தடை. அவர் இல்லாத அந்த ஆட்டத்தில் ஒட்டாவா கப்டன் அல்ஃபிரெட்சன், தன் மட்டை உடைந்ததும் தானும் எறிவதுபோல் நடித்துக் காட்டினார். இரண்டு பேரும் சுவீடன்காரர்கள், நாட்டுக்காக ஒன்றாக விளையாடியவர்கள். ஆனாலும் அந்த நக்கலுக்கு நாங்கள் ஒட்டாவாவை இன்னும் மன்னிக்கவில்லை.

பழைய ரசிகன்

எல்லோரும் மாலை போடுகிறீர்கள், சரி. 2008ஐ யாரும் தொடவில்லையே?

அந்த ஆண்டு அணி தேறாது என்று தெரிந்துவிட்டது. சண்டீனை வேறு அணிக்குக் கொடுத்தால் இளம் வீரர்களை வாங்கலாம். ஆனால் அவருடைய ஒப்பந்தத்தில், அவர் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது என்ற விதி. அவர் சம்மதிக்கவில்லை. ஸ்டான்லி கிண்ணம் வெல்வதற்காக மட்டும் பாதி சீசனில் இன்னோர் அணியில் போய் ஒட்டிக்கொள்வதில் தனக்கு நம்பிக்கை இல்லை என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதே ஆள் அந்த டிசம்பரில், சீசன் நடுவில், வன்கூவரோடு கையெழுத்துப் போட்டார். லீஃப்ஸுக்குக் கைக்கு வந்தது ஒன்றுமில்லை. அணி மேல் பாசம் இருந்திருந்தால் பிப்ரவரியில் போயிருக்க வேண்டும்.

எக்ளிங்டன் அண்ணை

தம்பி, சண்டீன்தான் அப்போது எங்கள் கப்டன். கப்டன் கப்பலை விட்டு ஓடினால் ஓடிவிட்டான் என்பீர்கள், ஓடாவிட்டால் ஏன் ஓடவில்லை என்பீர்கள். அந்த விதியை ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தது யார்? நிர்வாகம். 2002இல் கரோலினாவுக்கு எதிரான அரையிறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தை மறந்துவிட்டீர்கள். மணிக்கட்டு முறிந்து பல ஆட்டம் வெளியே இருந்துவிட்டு வந்தவர், முடிய 22 விநாடி இருக்கும்போது கோல் போட்டுச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் கரோலினாவின் ஜெலினா அடித்து நாங்கள் வெளியே. அன்று வென்றிருந்தாலும் இன்னோர் ஆட்டம் மிச்சம் இருந்தது, இறுதிச்சுற்று அதற்குப் பிறகுதான். ஆனால் லீஃப்ஸ் கடைசியாக வென்ற 1967க்குப் பிறகு கிண்ணம் இவ்வளவு கிட்ட வந்த சந்தர்ப்பங்கள் சிலதான்.

மார்க்கம் 13

2009 பிப்ரவரி 21. வன்கூவர் உடுப்போடு சண்டீன் வந்த ஆட்டத்துக்கு அப்பாவோடு போனேன். தொடக்கத்தில் பழைய ரசிகன் மாதிரி ஆட்களும் இருந்தார்கள், கூச்சல் கேட்டது. பிறகு ஆட்டம் நின்ற இடைவெளியில் பெரிய திரையில் அவருடைய பழைய காட்சிகளைப் போட்டார்கள். முழு அரங்கும் எழும்பி நின்றது, கைதட்டல் ஓயவில்லை. பெஞ்சில் அவர் கண்ணைத் துடைத்ததைத் திரையிலேயே காட்டினார்கள். அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? ஆட்டம் சமநிலையில் நின்று, ஒவ்வொருவராகக் கோல்காப்பாளரைத் தனியே எதிர்கொள்ளும் ஷூட்அவுட்டுக்குப் போனது, வெற்றிக் கோலை எங்களுக்கு எதிராக அவரே போட்டார். வன்கூவர் 3-2. அதற்கும் சனம் கைதட்டியது. அப்பா மட்டும் தட்டவில்லை, அவர் காசு கொடுத்து வந்தவர்.

அந்த செப்டம்பரில் ஓய்வை அறிவித்துவிட்டார். மொத்தம் 1,346 ஆட்டங்கள், 564 கோல்.

பழைய ரசிகன்

சரி, நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2012 பிப்ரவரி 11, சண்டீனைக் கௌரவித்து 13ஆம் இலக்கக் கொடியைக் கூரைக்கு ஏற்றிய இரவு, நானும் இருந்தேன். டிக்கெட் வாங்கித்தான் போனேன், ஓசியில்லை. விழா முடிந்து கொடி மேலே போய், எல்லோரும் கண் கலங்கி உட்கார, மொன்றியலிடம் 5-0 என்று தோற்றது லீஃப்ஸ். ஒரு கோல்கூட இல்லை. கோட் சூட்டோடு நின்ற ஆளையே இறக்கியிருக்கலாம் என்று பின் வரிசையில் ஒருவர் கத்தினார். அதில் மட்டும் எனக்கும் உடன்பாடு.