சொற்செயலி ஆவணத்தைப் படக்கோப்பாக மாற்றுதல்: 'பக்கப்படம்' என்னும் பரிந்துரை

அன்புடையீர், வணக்கம்.

சொற்செயலி (வேர்டு போன்ற எழுதும் மென்பொருள்) ஆவணத்தைப் பிஎன்ஜி, ஜேபெக், டிஃப் போன்ற படக்கோப்புகளாக மாற்றும் செயலுக்குத் தமிழ்க் கலைச்சொற்களாக முன்வைக்கப்பட்டுள்ள 'ஆவணப் படமாக்கம்', 'ஆவணப் படிமமாக்கம்' ஆகிய இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. 'ஆவணப்படம்' திரைத்துறையில் வேரூன்றிவிட்ட சொல். 'படமாக்குதல்' என்றாலே படப்பிடிப்புத்தான் நினைவுக்கு வரும். 'படிமம்' அந்த அளவுக்குக் குழப்பாது என்றாலும், கவிதைத் திறனாய்விலும் மருத்துவத்திலும் வெவ்வேறு பொருளில் ஏற்கெனவே வழங்குகிறது.

இரண்டு சொற்களுமே இச்செயலின் மையமான 'பக்கம்' என்பதை விட்டுவிடுகின்றன என்பதே என் முதன்மையான மறுப்பு. சொற்செயலிக் கோப்பில் இருப்பவை எழுத்துகளின் குறியெண்களும், அவற்றை எப்படி அமைக்கவேண்டும் என்ற குறிப்புகளும்தாம். எழுத்துருவையோ தாளின் அளவையோ மாற்றினால் வரிகள் வேறிடத்தில் முறியும். பத்துப் பக்கம் பதினொன்றாகலாம். படமாக மாற்றும்போது மென்பொருள் முதலில் பக்கங்களை உறுதிசெய்து, ஒவ்வொரு பக்கத்தையும் புள்ளிகளின் கட்டமாக வரைகிறது. ஏ4 பக்கம் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் வரைந்தால் அகலத்தில் 2480, உயரத்தில் 3508, ஆக ஏறத்தாழ 87 லட்சம் படப்புள்ளிகள். அதன்பின் 'கொ' என்பது ககர மெய்யும் ஒகரமும் சேர்ந்த எழுத்தாகக் கணினிக்குத் தெரியாது. கறுப்பும் வெள்ளையுமான புள்ளிகளாகவே தெரியும். அதில் சொல்லைத் தேட முடியாது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பான் நேரடியாக வாசிக்காது. எழுத்துகளை மீட்க, படத்திலுள்ள எழுத்துகளை அடையாளம் காணும் எழுத்துணரி (ஓசிஆர்) வேண்டும். அதற்கு ஈடாகக் கிடைப்பது, எந்தக் கணினியிலும் எழுத்துரு இல்லாமலே மாறாது தோன்றும் பக்கம். தமிழில் டிஸ்கி, டாப், டாம் என்று பல குறியேற்றங்கள் (எழுத்துகளுக்குக் குறியெண் தரும் முறைகள்) வழங்கிய நாள்களில், உரிய எழுத்துரு இல்லாதவர்களுக்கு மடல் வெறும் குப்பையாகத் தெரிந்ததை நம்மில் பலர் அறிவோம். அப்போது படமாக அனுப்புவது நம்பகமான வழியாக இருந்தது.

ஆகவே விளைபொருளுக்குப் 'பக்கப்படம்' என்றும், செயலுக்குப் 'பக்கப்படமாக்கம்' என்றும், அதைச் செய்யும் மென்பொருளுக்குப் 'பக்கப்படமாக்கி' என்றும் பரிந்துரைக்கிறேன். சொல் நீளமாக இருக்கிறது என்ற மறுப்பு எழலாம். மென்பொருளின் பட்டியில் 'பக்கப்படமாகச் சேமி' என்று எழுதினால், முதன்முறை காண்பவருக்கும் விளக்கம் தேவைப்படாது. அத்தெளிவுக்காகச் சொல்லின் நீளத்தை நான் பொறுத்துக்கொள்வேன்.

பிடிஎஃப் கோப்பை இச்சொல்லால் குறிக்கக் கூடாது என்பதையும் வரையறையில் சேர்க்கவேண்டும். அதிலும் பக்கம் உறுதியாகிறது. ஆனால் சொற்செயலியிலிருந்து நேரே உருவாக்கிய பிடிஎஃப் கோப்பில் எழுத்துகள் பெரும்பாலும் எழுத்துகளாகவே இருக்கும். மாறாக, அச்சிட்ட தாளை வருடியில் வைத்து எடுத்த படமும் பக்கப்படமே. பிறந்த வழி வேறானாலும் தேடலுக்கும் எழுத்துணரிக்கும் இரண்டும் ஒரே இயல்புடையவை.

எழுத்தின் வடிவைப் புள்ளிகளாக வரையும் உள்செயலுக்குத் தனிச்சொல் தேவை. 'புள்ளியாக்கம்' என்ற பரிந்துரை சுருக்கமானதே. எனினும் மெய்யெழுத்தின் புள்ளியும் புள்ளியியலும் குறுக்கிடுவதால் 'படப்புள்ளியாக்கம்' என்று வைத்துக்கொள்வது நல்லது. ஒரே கோப்பில் பல பக்கங்களை அடக்கவல்ல டிஃப் போன்றவற்றைப் 'பல்பக்கப்படம்' எனலாமா, அல்லது 'பக்கப்படத் தொகுப்பு' என்பது பொருந்துமா என்பதில் எனக்கு முடிவான கருத்து இல்லை. பிந்தையதன் பக்கம் சற்றே சாய்கிறேன். மாற்றுக் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.