புதுப்பிப்பு: தயிர்சாதம் மட்டுமே தின்னும் மணிக்கு என்ன கொடுப்பது?

எங்கள் வீட்டு நாட்டுநாய் மணி தயிர்சாதத்தைத் தவிர எதையும் தொடமாட்டேன் என்கிறான், முடி வேறு கொட்டுகிறது என்று கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. கால்நடை டாக்டரிடம் காட்டினோம், புரதம் போதவில்லை என்றார். இப்போது உப்பு, மசாலா போடாமல் வேகவைத்த கோழிக்கறியை எலும்பில்லாமல் உதிர்த்து, கொஞ்சம் சாதம், மசித்த பூசணிக்காயோடு பிசைந்து தருகிறோம்; முதலில் தயிர்சாதத்துக்குள் ஒளித்து வைத்தால் பயல் கறியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுத் தட்டை மூக்கால் தள்ளிவிட்டான். அப்புறம் மெல்ல மெல்லத்தான் மாற்றினோம், திடீரென்று மாற்றினால் வயிற்றால் போகும்.

கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அதனால் முட்டை ஓட்டைக் காயவைத்து மாவாக அரைத்துச் சேர்க்கிறோம். ஒரு டீஸ்பூனில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது, எனவே கண்மதிப்பில் அள்ளிப் போடாமல் எடைக்கேற்ற அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

குழம்பு ஊற்றிக் கொடுக்கச் சொன்னவர்களுக்கு: வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பாயசத்தில் கிடக்கும் திராட்சையும் ஆகாது, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். முடி கொட்டுவது குறைந்திருக்கிறது. மாமியார் மட்டும் டீ நேரத்தில் பிஸ்கட் போடுவதை இன்னும் நிறுத்தவில்லை, அதற்கு யாரிடமாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.