பாரிஸ் ஏழு நாள்: தினச் செலவுக் கணக்கு இடிக்கிறது, உதவுங்கள்

கேள்வி
நானும் மனைவியும் மே மாதம் பாரிஸ் போகிறோம். ஹோட்டல் தனிக் கணக்கு. மீதிச் செலவுக்கு இருவருக்கும் சேர்த்து நாளுக்கு 90 யூரோ என்று வைத்தேன். எக்செலில் நாள்வாரியாகப் போட்டால் லூவ்ர் அருங்காட்சியகம் போகும் நாள் 130ஐத் தாண்டுகிறது, வந்து இறங்கும் நாளும் 90க்கு மேல் போகிறது. மற்ற நாட்களில் 70கூட ஆகவில்லை. எதைக் குறைப்பது? வியாழன் இறங்கி அடுத்த புதன் திரும்புவதாகத் திட்டம். விமான டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. இருவரும் சைவம்.

பதில் 1
எதையும் குறைக்க வேண்டாம். போக்குவரத்தையும் நுழைவுச் சீட்டையும் தினக் கணக்கிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள்.

டிக்கெட் எடுக்காதது நல்லதாயிற்று. அங்கே மெட்ரோ, பஸ், ரயிலுக்கான நவிகோ வாரப் பாஸ் திங்கள் முதல் ஞாயிறு வரைதான். நீங்கள் இறங்கும் வியாழன் வாங்கினாலும் அந்த ஞாயிறோடு தீர்ந்துவிடும். 2025 கட்டணப்படி 31.60 யூரோ, அட்டைக்குத் தனியாக 5 யூரோ, ஒரு சிறு போட்டோவும் வேண்டும். விமான நிலைய ரயிலும் அதில் அடக்கம். தனியாக எடுத்தால் அந்த ரயிலுக்கு 2025இல் ஒரு வழிக்கு 13 யூரோ, போக வர 26. பாஸில் மிஞ்சும் 5.60 யூரோவுக்கு ஏழு நாளும் மெட்ரோ, பஸ் எல்லாம் சுற்றலாம்! திங்கள் காலை இறங்கி ஞாயிறு கிளம்புவதாக மாற்றுங்கள். 2026 ஜனவரியில் கட்டணம் கொஞ்சம் ஏறிவிட்டது, பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு லூவ்ர் 2026 ஜனவரி முதல் 32 யூரோ. செவ்வாய் விடுமுறை. ஓர்சே அருங்காட்சியகம் திங்கள் விடுமுறை, ஆன்லைனில் 16.

மொத்தம் 630. இருவருக்கும் அட்டையோடு பாஸ் 73, லூவ்ர் 64, ஓர்சே 32 போனால் மிச்சம் 461. நாளுக்கு 65 சொச்சம். இதுதான் உங்கள் நிஜமான தினக் கணக்கு.

கேட்டவர்
நன்றி ஐயா, தேதியை மாற்றிவிடுகிறேன். சைவச் சாப்பாட்டுக்கு 65 போதுமா?

பதில் 2
நான் பாரிஸிலதான் இருக்கிறன். 65 தாராளமாக் காணும். கார் து நோர் ஸ்டேஷனுக்குப் பின்னால லா ஷப்பல் பக்கம் நடந்தீங்கள் எண்டா முழுக்க எங்கட ஆக்களின்ர கடைகள்தான். தோசை, இடியப்பம் எல்லாம் கிடைக்கும், விலையும் நகர நடுவில இருக்கிற ரெஸ்ட்டோரன்ட் மாதிரி இல்லை. மத்தியானத்துக்கு பேக்கரியில சீஸ் போட்ட பாண் வாங்கிப் பூங்காவில இருந்து சாப்பிடுங்கோ. ரெஸ்ட்டோரன்டில தண்ணிப் போத்தல் வாங்காதேங்கோ, "கராஃப் தோ" எண்டு கேட்டால் குழாய்த் தண்ணி காசில்லாமல் தருவினம். சேவைக் கட்டணம் பில்லிலயே இருக்கு, டிப்ஸ் கட்டாயமில்லை.

நோத்ர தாம், சாக்ரே கேர் தேவாலயங்களுக்கு உள்ள போகக் காசில்லை. கார்னவாலே மியூசியமும் அப்பிடித்தான். பாரிஸ் நகரத்தின்ர கதை முழுக்க அங்க இருக்கு, கட்டாயம் பாருங்கோ.

பதில் 3
இரண்டு விஷயம் விட்டுப்போச்சு. சுற்றுலா வரி ஆளுக்கு, இரவுக்கு என்று கணக்கு; உங்கள் ஹோட்டல் பில்லில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஏடிஎம்மில் "ரூபாயிலா, யூரோவிலா" என்று கேட்டால் யூரோவையே அமுக்குங்கள், ரூபாய் என்றால் அந்த மெஷின் வைக்கும் மாற்று விகிதத்தில் பணம் போகும்.

விசாவுக்கு இந்த 90ஐக் காட்டாதீர்கள். ஹோட்டல் பதிவு இருந்தாலும் பிரான்ஸ் ஆளுக்கு நாளுக்கு 65 யூரோ எதிர்பார்க்கிறது. இருவருக்கு ஏழு நாள் 910. அதற்குக் குறையாமல் வங்கிக் கணக்கில் இருக்கட்டும்.